ஏழரை ஏக்கர் ஆரஞ்சுத் தோல்

பட்டிமன்றத் தலைப்பு: பெரிய நிறுவனங்கள் காடு வளர்க்கப் பணம் போடுவது பூமியைக் காக்கவா? பெயரைக் காக்கவா?

'பூமியைக் காக்கவே' அணியில் மூன்றாவதாகப் பேசியவரின் உரை

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரணியில் ஏதோ கேஸ் ஜெயிச்ச வக்கீல் மாதிரி உட்கார்ந்திருக்கிற அண்ணன்மார்களே, அக்கா அவர்களே, வீட்டுச் சண்டை போதாதென்று எங்கள் சண்டையையும் பார்க்க வந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டார். "கம்பெனிக்காரன் காடு வளர்க்கிறான்னா சும்மா வளர்ப்பானா? உள்நோக்கம் இருக்காதா?" அப்படீன்னார். இருக்கும் அண்ணே. இல்லேன்னு நான் சொல்லவே இல்லையே!

எங்க வீட்டுல தினமும் ராத்திரி குப்பைக் கூடையை எங்க வீட்டுக்காரர்தான் கொண்டுபோய்க் கொட்டுவார். சுத்தத்து மேல அவ்வளவு பக்தியான்னு கேக்காதீங்க. தெருமுனையில டீக்கடை இருக்கு. (சிரிப்பு) குப்பையைக் கொட்டுற சாக்குல ஒரு டீ, ஒரு வடை, நாலு பேரோட அரசியல். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா நான் கேக்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: குப்பை போச்சா, போகலையா? போச்சு! உள்நோக்கத்தை விசாரிக்க ஆரம்பிச்சேன்னா நாளைக்குக் குப்பையும் வீட்டுல, அவரும் வீட்டுல! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: அவர் இந்த நிகழ்ச்சியைப் பார்ப்பாராம்மா?

பார்க்க மாட்டாருங்க ஐயா. இப்ப டீக்கடையில இருப்பார். (சிரிப்பு)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எதிரணியினர் சொன்ன குற்றச்சாட்டுகளை நான் மறைக்கப் போவதில்லை. காங்கோ நாட்டுக் கதையைச் சொன்னார்கள். பிரான்ஸ் நாட்டு டோட்டல் எனர்ஜீஸ் என்ற எண்ணெய் நிறுவனம் 2021-ல் அங்கே பதேக்கே என்ற பீடபூமியில் 40,000 ஹெக்டேரில் அக்கேசியா மரம் நடப்போவதாக அறிவித்தது. அங்கே ஏற்கெனவே பயிர் செய்துகொண்டிருந்த விவசாயிகள் தங்கள் நிலம் போய்விட்டது என்று முறையிட்டார்கள். உண்மைதான். இன்னொன்றும் நானே சேர்த்துச் சொல்கிறேன். அது இயற்கையாகவே புல்வெளி. புல்வெளியில் ஒரே ஜாதி மரத்தை வரிசையாக நட்டுவிட்டு அதற்குக் காடு என்று பெயர் வைத்தால், எங்க தெருவில் வரிசையாக நிற்கிற விளக்குக் கம்பத்தையும் காடு என்றுதான் சொல்ல வேண்டும்! (கைதட்டல்)

அமெரிக்காவில் ஓரிகான் மாநிலத்தில் 2021-ல் வந்த பெருந்தீயையும் சொன்னார்கள். மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்கள் "எங்கள் புகைக்கு ஈடு" என்று கணக்குக் காட்டியிருந்த காட்டின் ஒரு பகுதியும் அதில் எரிந்தது. அதுவும் உண்மை.

இதெல்லாம் நடந்ததால் கம்பெனிப் பணமே காட்டுக்குள் வரக்கூடாது என்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் நான் மாறுபடுகிறேன். ஏன் மாறுபடுகிறேன் என்பதற்கு ஒரு கதை சொல்லணும். கதைன்னா கட்டுக்கதை இல்லை. நீதிமன்றம் வரைக்கும் போன கதை.

மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிகா என்று ஒரு சின்ன நாடு. அதன் வடமேற்கில் குவானகாஸ்தே என்று ஒரு வட்டாரம். அங்கே ஒரு காலத்தில் நல்ல காடு இருந்தது. காட்டை அழித்து மாட்டுக்கு மேய்ச்சல் நிலமாக்கினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து ஜராகுவா என்று ஒரு புல்லைக் கொண்டுவந்து பரப்பினார்கள். அது ஆள் உயரத்துக்கு வளரும். கோடையில் காய்ந்து தீப்பிடிக்கும். தீயில் மரக்கன்று செத்துப் போகும், புல் மட்டும் மறுபடி தழைக்கும். அதுக்கப்புறம் அந்த மண்ணில் மரம் தலை தூக்கவே முடியாது.

அங்கே டேனியல் ஜான்சென், வின்னி ஹால்வாக்ஸ் என்று ஒரு தம்பதி. இரண்டு பேருமே உயிரியல் அறிஞர்கள். காட்டைப் பாதுகாக்கிறதோட நிறுத்தாம, அழிஞ்ச காட்டைத் திரும்ப வரவைக்கணும்னு ஆண்டுக் கணக்காக அங்கே பாடுபட்டவர்கள். தீயைத் தடுத்துவிட்டால் போதும், காற்றும் பறவையும் வௌவாலும் விதையைக் கொண்டுவந்து போடும், காடு தானாக வரும் என்பது அவர்கள் கண்ட பாடம்.

அந்தக் காட்டை ஒட்டி டெல் ஓரோ என்று ஒரு ஆரஞ்சுச் சாறு கம்பெனி. ஆரஞ்சைப் பிழிஞ்சா என்ன மிஞ்சும்? தோலும் சக்கையும். நம்ம வீட்டுல நாலு பழம் பிழிஞ்சாலே கூடை நிறையுது. அவங்களுக்கு மலை மலையா மிஞ்சுது. அதைக் கழிக்கிறதே பெரிய செலவு. இந்தத் தம்பதி 1997-ல் அந்தக் கம்பெனியிடம் போய் ஒரு யோசனை சொன்னார்கள். "உங்களிடம் இருக்கிற காட்டு நிலத்தில் ஒரு பகுதியைப் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குக் கொடுத்துவிடுங்கள். பதிலுக்கு, எங்கள் எல்லைக்குள் இருக்கிற பாழ்பட்ட மேய்ச்சல் நிலத்தில் உங்கள் தோலைக் காசில்லாமல் கொட்டிக்கொள்ளுங்கள்."

கம்பெனிக்கு இதில் தியாகம் என்ன இருக்கு? ஒண்ணும் பெரிசா இல்லை. குப்பை கொட்ட இடம் கிடைச்சுது, செலவு மிச்சம். பூமியைக் காக்கணும்னு கண்ணீர் விட்டுக்கிட்டு அவங்க தோலைக் கொட்டலை. எதிரணி அண்ணன் அன்னைக்கு அங்கே இருந்திருந்தா "இது உள்நோக்கம், இது மோசடி"ன்னு கொடி பிடிச்சிருப்பார்.

பிடிச்சாங்க! அண்ணன் இல்லை, போட்டிக் கம்பெனி. (சிரிப்பு)

ஆயிரம் லாரி லோடு, மொத்தம் 12,000 டன் ஆரஞ்சுத் தோல், சுமார் ஏழரை ஏக்கர் நிலத்தில் கொட்டியாச்சு. ஏழரைன்னு சொன்னதும் நம்ம ஆளுங்களுக்குச் சனீஸ்வரன் ஞாபகம் வந்திருக்கும். அங்கேயும் அப்படித்தான் ஆச்சு. டிகோ ஃப்ரூட் என்ற போட்டிக் கம்பெனி, "தேசியப் பூங்காவைக் குப்பைமேடு ஆக்கிவிட்டார்கள்" என்று வழக்குப் போட்டது. பார்க்கிறவர்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டிருக்கும். அழுகுகிற தோல், மேலே ஈ, நாற்றம்! அந்த நாட்டு உச்ச நீதிமன்றமும் போட்டிக் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. திட்டம் நின்றது. ஊரே அதை மறந்தது.

பதினாறு வருஷம்.

2013-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த டிமதி ட்ரூயர் என்ற இளைஞர், "அந்த இடம் என்ன ஆச்சு, போய்ப் பார்ப்போம்" என்று கிளம்பினார். அங்கே ஒரு பெரிய பெயர்ப்பலகை வைத்திருந்தார்கள், மஞ்சள் எழுத்தில். பலகையைத் தேடினால் காணோம். ஏன்? செடியும் கொடியும் ஏறி அதை மூடிவிட்டன! சாலைக்கு ஒரு பக்கம் தோல் கொட்டாத நிலம், பழையபடி புல்லும் இங்கொன்று அங்கொன்றாக மரமுமாகக் கிடக்கிறது. இன்னொரு பக்கம் நுழைய முடியாத காடு. அளந்து பார்த்தார்கள். 2017-ல் ஆராய்ச்சிக் கட்டுரையாக வந்தது. தரைக்கு மேலே உள்ள மரம் செடிகளின் எடை 176 சதவீதம் கூடுதல். அதாவது கொட்டாத இடத்தைப் போல இரண்டே முக்கால் மடங்கு. (பலத்த கைதட்டல்)

என்ன நடந்தது? ஆறு மாதத்தில் அந்தத் தோல் கறுப்பு மண்ணாக மாறியது. கீழே மாட்டிக்கொண்ட புல் மூச்சுத் திணறிச் செத்தது. இருபது முப்பது வருஷமாக மரத்துக்கு வழிவிடாமல் நின்ற புல் போனதும், பறவை போட்ட விதைக்கு இடம் கிடைத்தது. ஒரு கன்றுகூட யாரும் நடவில்லை!

இந்தக் கதையை ரெண்டு விதமா கேக்கலாம். "ஆஹா, கம்பெனிக் குப்பை காடாச்சு"ன்னு கேக்கலாம். நான் அப்படிக் கேக்கலை. ஐயா, இதைக் கேட்டுட்டு நம்ம ஊர்ல யாராவது சாயப்பட்டறைத் தண்ணியை நொய்யல் ஆத்துல விட்டுட்டு "பதினாறு வருஷம் பொறுங்க, காடு வரும்"னு கிளம்பிடப் போறாங்க! (சிரிப்பு) அது வராது. தோல் மண்ணிலிருந்து வந்தது, மண்ணுக்குப் போனது. அதையும் காடு தெரிந்த இரண்டு பேர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார்கள்.

நான் கேட்கிற விதம் வேறு. அந்த ஒப்பந்தம் வருஷக் கணக்காக ஓட வேண்டியது. ஏழரை ஏக்கரோடு நின்றுபோனது. தோல் கொட்டியிருக்க வேண்டிய மற்ற நிலங்கள் புல்லாகவே கிடந்தன. நிறுத்தியது யார்? "இவன் நோக்கம் சரியில்லை" என்ற சந்தேகம். அந்தச் சந்தேகத்தைக் கிளப்பியவனாவது காட்டின் மேல் பாசத்தில் கிளப்பினானா என்றால், அவனும் சாறு வியாபாரி! இந்தப் பதினாறு வருஷத்தில் அந்த வட்டாரத்துக்கு எத்தனை ஏக்கர் காடு கைநழுவியது? அதற்கு எதிரணியினர் பதில் சொல்லட்டும். (கைதட்டல்)

நடுவர்: ஒரு ஏழரை ஏக்கரை வைத்து உலகத்தையே அளக்கிறீர்களேம்மா?

நியாயமான கேள்விங்க ஐயா. அதே நாட்டை முழுசா எடுத்துக்குங்க. 1980-களில் கோஸ்டா ரிகாவில் காடு நாட்டின் பரப்பில் கால் பங்கு அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. இன்றைக்குப் பாதிக்கு மேல் காடு. 1996-ல் ஒரு வனச் சட்டம் கொண்டுவந்தார்கள். நிலத்துக்காரர் காட்டை அழிக்காமல் வைத்திருந்தாலோ திரும்ப வளரவிட்டாலோ அவருக்குப் பணம். பெரும் பகுதி எங்கிருந்து வந்தது? பெட்ரோல் டீசல் மேல் போட்ட வரியிலிருந்து. புகை விடுகிறவன் காட்டுக்குக் கொடு!

அதோடு கம்பெனிகளும் சேர்ந்தன. தனியார் நீர்மின் நிலையக்காரர்கள் பணம் கொடுத்தார்கள். ஏனென்றால் மலை மேலே காடு இருந்தால்தான் ஆறு சீராக ஓடும், அணையில் மண் சேராது. 2001-ல் ஒரு பீர் கம்பெனி கூடக் கொடுத்தது. அவர்களுக்கு நல்ல ஊற்றுநீர் வேண்டும். அதாவது, தண்ணி கம்பெனி, தண்ணிக்காக, தண்ணி வர்ற காட்டுக்குக் காசு கொடுத்துச்சு! (பலத்த சிரிப்பு) அங்கேயும் உள்நோக்கம்தான். பச்சையான வியாபாரம்தான். ஆனால் மலை பச்சையாக இருக்கிறது.

இப்ப எதிரணி அக்கா சொன்ன ஒரு வார்த்தைக்கு வர்றேன். "எந்த மரமா இருந்தா என்ன, எல்லாம் ஏமாத்துதான்"ன்னாங்க. இல்லைக்கா. எந்த மரம்ங்கிறதுலதான் எல்லாமே இருக்கு.

உலக நாடுகள் 2011-ல் ஜெர்மனியில் பான் நகரத்தில் கூடிக் காடுகளை மீட்கிறோம் என்று உறுதி எடுத்தன. நாடுகள் கொடுத்த கணக்கை விஞ்ஞானிகள் சிலர் 2019-ல் கூட்டிப் பார்த்தார்கள். வாக்குக் கொடுத்த நிலத்தில் 45 சதவீதம் தோப்புகள். தைல மரம், அக்கேசியா போல வெட்டி விற்கிற மரங்கள். இயற்கைக் காடாகத் திரும்ப விடுவது மூன்றில் ஒரு பங்குதான். அவர்கள் போட்ட கணக்கில், காற்றில் இருக்கிற கரியைப் பிடித்து வைப்பதில் இயற்கைக் காடு தோப்பைவிட 40 மடங்கு மேல்!

எப்படி இவ்வளவு வித்தியாசம்? தைல மரம் கடகடவென்று வளரும், நிறையக் கரியமில வாயுவை இழுக்கும். ஆனால் ஏழெட்டு வருஷத்தில் வெட்டிக் கூழாக்கிக் காகிதமாக்குவார்கள். காகிதம் குப்பையாகும், எரியும், மக்கும். இழுத்ததெல்லாம் திரும்ப வானத்துக்குப் போய்விடும். சம்பளம் வாங்கின அன்னைக்கே சீட்டாடித் தோத்துட்டு வர்றவனும் சம்பாதிக்கிறவன்தான். வீட்டுல ஒண்ணும் தங்காதே! (கைதட்டல்) இயற்கைக் காடு அப்படி இல்லை. மெதுவாகத்தான் சேர்க்கும். சேர்த்ததை விடாது. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே ஆராய்ந்து 2020-ல் கட்டுரை வந்திருக்கிறது. வறட்சி வந்த வருஷங்களில் தேக்கு, தைல மரத் தோப்புகளின் கரி பிடிக்கிற வேகம் விழுந்துவிடுகிறது. பல ஜாதி மரங்கள் கலந்த காடு அதைவிட நிலையாக நிற்கிறது.

ஆகவே கம்பெனி பணம் போட்டது என்றால் நான் முதலில் கேட்பது, எந்த நிலம், எந்த மரம், வெட்டுவாயா என்பதுதான். 2024-ல் வந்த ஓர் ஆராய்ச்சி, வெப்பமண்டல நாடுகளில் தானாகவே காடு திரும்ப வளரக்கூடிய நிலம் 21.5 கோடி ஹெக்டேர் இருக்கிறது என்று சொல்கிறது. இந்தியாவின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு! அதை வளரவிட்டால் முப்பது வருஷத்தில் 2,340 கோடி டன் கரி மரத்துக்குள் போகும்.

இதைக் கேட்டு எங்க அணியே கை தட்டுது. கொஞ்சம் பொறுங்க! நிலக்கரி, பெட்ரோல் எரிச்சு உலகம் காத்துல விடுற கரி வருஷத்துக்குச் சுமார் ஆயிரம் கோடி டன். காடு முப்பது வருஷம் உட்கார்ந்து சேர்க்கிறதை நாம ரெண்டரை வருஷத்துக்குள்ள ஊதித் தள்ளிடுவோம். எதிரணி சொல்லியிருக்க வேண்டிய கணக்கு இது. அவங்க சொல்லலை, நான் சொல்றேன். (சிரிப்பு)

நடுவர்: அம்மா, நீங்க எந்த அணி?

இந்த அணிதாங்க ஐயா! இதனால்தான் "காடு வளர்த்துவிட்டேன், இனி எவ்வளவு வேண்டுமானாலும் புகை விடுவேன்" என்கிற கம்பெனியை நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன். புகையைக் குறைக்கிறது தனிக் கடமை. காட்டை வளர்க்கிறது தனிக் கடமை. ஒன்றுக்கு ஒன்று ரசீது ஆகாது. வாங்கின கடனை அடைக்கணும், புள்ளைக்குச் சேமிக்கவும் செய்யணும். கடன் இருக்குங்கிறதுக்காக உண்டியலை உடைச்சா போடுறோம்?

ரொம்ப தூரம் போயிட்டோம். நம்ம வால்பாறைக்கு வந்துடுறேன். நூறு வருஷத்துக்கு மேல டீயும் காபியும் போடுறதுக்காக அழிச்ச மழைக்காடு அது. எஸ்டேட்டுகளுக்கு நடுவில் அங்கங்கே துண்டு துண்டாகக் காடு மிஞ்சியிருந்தது. மைசூரைச் சேர்ந்த நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பில் திவ்யா முதப்பா, டி.ஆர். சங்கர் ராமன் என்ற அறிஞர்கள், 2000-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கி, இந்தத் துண்டுக் காடுகளை மீட்கிற வேலையைச் செய்துவருகிறார்கள். உண்ணிச் செடியைப் பிடுங்குவது, அந்த மண்ணுக்கே உரிய கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்து நடுவது, மற்றதை இருவாட்சிக்கும் மரநாய்க்கும் விட்டுவிடுவது! இருவாட்சி பழத்தைத் தின்று விதையைக் கொண்டுபோய்ப் போடுகிற மாதிரி எந்தக் காண்டிராக்டராலும் நட முடியாது. பில்லும் கிடையாது. (சிரிப்பு)

இந்த வேலை நடந்த நிலமெல்லாம் யாருடையது? பாரி ஆக்ரோ, டாடா காபி போன்ற கம்பெனிகளுடைய எஸ்டேட் நிலம். அவர்கள் கதவைத் திறக்காமல் ஒரு கன்று நட முடியாது. ஏன் திறந்தார்கள்? நல்ல மனசு இருக்கலாம். காட்டைக் காக்கிற தோட்டத்து டீ, காபி என்று முத்திரை வாங்கினால் வெளிநாட்டில் மதிப்பு, அதுவும் இருக்கலாம். அந்தக் காட்டில் வெடிப்பலா மரம் காய்த்தால் சோலைமந்தி தின்கிறது. சோலைமந்தி முத்திரையைப் பார்த்துட்டா சாப்பிடுது? (கைதட்டல்)

நடுவர்: மணி அடிக்கப் போகிறேன். அதற்கு முன் ஒன்று. கம்பெனி நாளைக்குக் கை மாறிவிட்டால், கடையைச் சாத்திவிட்டால், காட்டை யார் பார்ப்பது?

இந்த மேடையில் இதுவரை யாரும் கேட்காத கேள்வி இது, ஐயா. காட்டுக்கு நூறு வருஷம் வேண்டும். கம்பெனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கணக்குப் பார்க்கும். அதனால் ஒப்பந்தம் ஆளோடு இருக்கக்கூடாது, நிலத்தோடு இருக்க வேண்டும். எஸ்டேட் கை மாறினாலும் வாங்குகிறவரை அது கட்டுப்படுத்த வேண்டும். தவணையில் வாங்காமல் பணத்தை முதலிலேயே வாங்கி வைப்புநிதியாகப் போட வேண்டும். குவானகாஸ்தேயில் காட்டுக்கென்றே அப்படி நிதி வைத்திருக்கிறார்கள். வட்டியில் தீ காவலுக்கு ஆள் போடலாம். அந்தக் காவல் வேலை யாருக்கு? காட்டை ஒட்டி இருக்கிற ஊர்க்காரருக்குத்தான். அவரைக் கேட்காமல் பட்டணத்தில் கையெழுத்துப் போட்டால் காங்கோவில் நடந்தது இங்கேயும் நடக்கும்.

இந்த மூணு நிபந்தனையையும் எழுதி நீட்டுங்க. எந்தக் கம்பெனி கையெழுத்துப் போடுதுன்னு பார்ப்போம். போட்டா எதிரணி அண்ணன் இந்தப் பக்கம் வந்து உட்காரணும். போடலேன்னா…

(மணி ஒலிக்கிறது)

போடலேன்னா என்னன்னு எங்க அணித் தலைவர் சொல்லுவார்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)